யாரைப் பார்க்கணும்? வீட்டுத் திருட்டும் தெருவின் அமைப்பும்

என் மாமனார் வீட்டில் திருடு போனது ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில். மாமனாரும் மாமியாரும் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். முன்கதவில் நல்ல பூட்டு. அதற்கு முன்னால் கிரில் கேட், அதிலும் ஒரு பூட்டு. இரண்டையும் அவன் தொடக்கூட இல்லை. பின்பக்கம் போய், குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, துணி துவைக்கிற கல்லின் மேல் அடுக்கி வைத்துவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறான். ஒரு பட்டைகூடக் கீறவில்லை. மாமியாருக்குப் போன நகையைவிட அந்த அடுக்குதான் இன்னமும் உறுத்துகிறது. "எவ்வளவு நிதானமா நின்னிருக்கான் பாரு" என்பார்.

எதிர்வீட்டு அக்கா அவனைப் பார்த்திருக்கிறார். "ஒரு பையன் முதுகுல பையோட சைடு வழியா போனான். ஏசி சர்வீஸுக்கு வந்தவன்னு நினைச்சேன்."

அன்று மாலை வீடு முழுக்க உறவினர்கள், ஆளுக்கொரு காரணத்தோடு. ஏரியா சரியில்லை. வேலைக்காரப் பெண் துப்புக் கொடுத்திருப்பாள். வெளிமாநிலத்துப் பையன்களாக இருக்கும். கேமரா வைக்காததுதான் தப்பு. ஆதாரம் எதுவும் இல்லாமல் ஏழைகள் மேல் சந்தேகத்தைப் போடுவதில் நம் ஆட்கள் காட்டும் வேகம் தனி. ஆனால் அந்த லேஅவுட்டில் நாற்பது வீடு இருக்க, இந்த ஒரு வீடு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. அப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

நம் செய்தித்தாள்களுக்கு எல்லாமே 'கொள்ளை'. பூட்டிய வீட்டில் நகை போனாலும் கொள்ளை, கத்தியைக் காட்டிச் சங்கிலியைப் பறித்தாலும் கொள்ளை. சட்டம் இவற்றைப் பிரித்தே பார்க்கிறது. ஆளை அடித்தோ மிரட்டியோ பிடுங்குவது ஒரு குற்றம். அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் இன்னும் பெரிய குற்றம். அத்துமீறி வீட்டுக்குள் புகுந்து பொருளை எடுத்துப் போவது வேறு கணக்கு. பழைய தமிழில் இதற்குக் 'கன்னம் வைத்தல்' என்று தனிச்சொல்லே உண்டு. சுவரைத் துளைத்து நுழைவது.

இந்தப் பிரிவினை முக்கியம். வழிப்பறி செய்கிறவன் ஆளைத் தேடி வருகிறான். வீடு புகுகிறவனோ பெரும்பாலும் ஆள் இல்லாத இடத்தைத் தேடி வருகிறான். ஆள் இருக்கிறாரா, பார்க்கிறாரா, கேட்பாரா என்பதில்தான் அவன் பிழைப்பே இருக்கிறது. அதனால்தான் தெரு எப்படி அமைந்திருக்கிறது என்பது மற்றக் குற்றங்களைவிட இதில் அதிகம் பேசுகிறது. இனி 'வீட்டுத் திருட்டு' என்று நான் எழுதுவது இதை மட்டும்தான்.

வடகமும் காக்காவும்

மொட்டை மாடியில் வடகம் காய்கிறது. காக்கா ஊரில் எப்போதும் உண்டு. பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வரை அது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கரையும், இறங்காது. பாட்டி காபி குடிக்கக் கீழே போன ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு வடகம் போனதற்குக் காக்கா கெட்டுப்போனது காரணமில்லை. காக்கா நேற்றும் அப்படித்தான் இருந்தது.

1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் திருட்டைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய இதுதான். திருட மனமுள்ள ஒருவன், எடுக்கத் தோதான ஒரு பொருள், காவல் இல்லாமை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தால் குற்றம் நடக்கும். ஒன்று குறைந்தாலும் நடக்காது. இதற்கு அன்றாட நடவடிக்கைக் கோட்பாடு என்று பெயர். காவல் என்றதும் போலீஸையோ வாட்ச்மேனையோ நினைக்க வேண்டாம். குடை பிடித்த பாட்டிதான் காவல். அங்கே இருப்பதே போதும்.

அவர்கள் இந்த முடிவுக்கு வந்த வழி சுவாரசியமானது. 1960-களில் அமெரிக்காவில் வருமானம் ஏறிக்கொண்டிருந்தது, படிப்பு கூடியது. ஆனால் வீட்டுத் திருட்டும் கூடவே ஏறியது. வறுமைதான் திருட்டுக்குக் காரணம் என்றிருந்தவர்களுக்கு இது புரியாத புதிர். இவர்கள் சொன்ன விடை: பெண்கள் வேலைக்குப் போனார்கள், குடும்பங்கள் சுற்றுலா போயின, பகலில் வீடுகள் காலியாகின. அதே காலத்தில் பொருள்களும் எடை குறைந்தன. ஒரு பெரிய கடையின் விலைப்பட்டியலில் 1960-இல் இருந்த மிக லேசான தொலைக்காட்சிப் பெட்டியின் எடை 38 பவுண்டு. 1970-இல் 15 பவுண்டு. ஏறக்குறைய 17 கிலோவிலிருந்து 7 கிலோ. ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய எடை. நம் வீடுகளில் அந்தக் கவலையே அவனுக்கு வேண்டாம். எட்டு கிராமுக்கு ஒரு சவரன் என்று எடுத்துப் போக வசதியாகவே பீரோவில் வைத்திருக்கிறோம்.

இதுவரை வந்தது: திருடன் இருப்பது மட்டும் திருட்டுக்குப் போதாது. பொருள் வேண்டும், காவலும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு தெருவில் காவல் இருக்குமா இருக்காதா என்பதைப் பெரும்பகுதி அந்தத் தெருவின் அமைப்பே முடிவு செய்கிறது. அது எப்படி என்று பார்க்கத் திருடனின் பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

திருடன் தெருவைப் படிக்கும் விதம்

சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் கள்வருக்குத் துணையாக வருபவை என்று எட்டைச் சொல்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி மூன்று: இடம், காலம், கருவி. நம் பேச்சு பெரும்பாலும் கருவியோடு நின்றுவிடுகிறது. எந்தப் பூட்டு, எதை வைத்து நெம்பினான் என்று. குற்றவியல் அறிஞர்கள் இடத்தைத் தனியாக எடுத்துத் தீவிரமாக ஆராய ஆரம்பித்தது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான்.

கனடாவில் பணியாற்றிய பால் பிராண்டிங்ஹாம், பட்ரீசியா பிராண்டிங்ஹாம் தம்பதி கேட்ட கேள்வி எளிது: திருடனுக்கு அந்தத் தெரு எப்படித் தெரியும்? உங்களுக்கு எந்த டீக்கடைகள் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் இருப்பவை, பிள்ளையைப் பள்ளியில் விடும் வழியில் இருப்பவை. இரண்டு தெரு தள்ளி இதைவிட நல்ல டீக்கடை இருந்தாலும் அது உங்கள் கணக்கிலேயே வராது. திருடனும் இருபத்து நாலு மணி நேரமும் திருடனாக இருப்பதில்லை. அவனுக்கும் வீடு, வேலை, நண்பர்கள், பஸ் ஸ்டாண்டு எல்லாம் உண்டு. போகிற வருகிற வழியில் அவன் மனதில் பதிந்த பகுதியை பழகிய வெளி என்கிறார்கள். பெரும்பாலும் அதற்குள்தான் அவன் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறான்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். எல்லோரும் போய்வரும் சாலைக்கு ஒட்டிய தெருக்களுக்கு ஆபத்து கூடுதல், பலரின் பழகிய வெளியில் அவை விழுவதால். குடியிருப்பின் நடுவில் இருக்கும் வீடுகளைவிட, கடைவீதியையோ பைபாஸையோ தொடும் ஓரத்து வீடுகளுக்கும் அப்படித்தான். ஓரத்தில் அந்நியர் நடமாட்டம் சாதாரணம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் திருடர்களிடமே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் இருவரும் சிறைக்கு வெளியே, அப்போதும் தொழிலில் இருந்த 105 பேரைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தார்கள். இப்படிப்பட்ட பேட்டிகளில் திரும்பத் திரும்ப வருவது நான்கே கேள்வி. உள்ளே ஆள் இருக்கிறதா? நுழைவது சுலபமா? நுழையும்போது யார் கண்ணிலாவது படுவேனா? எப்படி வெளியே போவது? உள்ளே எவ்வளவு தேறும் என்பது நிச்சயம் உண்டு. ஆனால் வெளியில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் அது. மற்ற நான்குக்கும் விடை தெருவிலேயே எழுதியிருக்கிறது.

முதல் கேள்விக்கு நாமே விடை எழுதி வைப்பதும் உண்டு. கேட்டில் செருகிய மூன்று நாள் பேப்பர், பையில் தொங்கும் பால் பாக்கெட், பட்டப்பகலில் எரியும் வராந்தா விளக்கு, மார்கழியில் கோலம் இல்லாத வாசல். ஊருக்குப் போவதென்றால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று தமிழ்நாடு காவல்துறை பண்டிகைக்குப் பண்டிகை கேட்டுக்கொள்வது இதனால்தான்.

தெருவுக்குக் கண் இருக்கிறதா?

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல், நகரத் தெருக்களைப் பாதுகாப்பது முதலில் போலீஸ் இல்லை, தெருவைப் பார்க்கும் கண்கள் என்று எழுதினார். கடைக்காரர், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், படியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள். யாரும் காவலுக்கென்று உட்காரவில்லை. தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள், கூடவே தெருவும் பார்க்கப்படுகிறது. பின்னால் இதற்கு இயல்புக் கண்காணிப்பு என்று பெயர் வந்தது.

திண்ணை வைத்த தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் புதிதாக ஒருத்தர் தெருவில் நுழைந்தால் முனை வீட்டிலிருந்தே "யாரைப் பார்க்கணும்?" என்று குரல் வரும். கேட்பவருக்குத் திருடனைப் பிடிக்கும் எண்ணம் கிடையாது, வெறும் ஊர்வம்புதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்காதவன் தெருவுக்குள் நுழையவே யோசிப்பான். இன்றைக்கு அந்த வேலையை மிச்சம் வைத்திருப்பவர் மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவரைப்போல அசோசியேஷன் செயலாளருக்குக்கூடத் தெரியாது. 'தெருவை அழகுபடுத்துகிறோம்' என்று அவரைக் கிளப்பிவிடுகிறவர்கள் என்ன இழக்கிறார்கள் என்று தெரியாமல் செய்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் காம்பவுண்டுச் சுவர் வருகிறது. ஏழடிச் சுவர், மேலே கண்ணாடிச் சில் பதித்தது. ஏறுவதற்கு அரை நிமிடம் கஷ்டம். ஏறி உள்ளே குதித்துவிட்டால்? அதே சுவர் அவனை ஊரிடமிருந்து மறைக்கிறது. வென்டிலேட்டர் கண்ணாடியை நிதானமாக உருவி அடுக்க முடிந்தது அந்த மறைவில்தான். என்னைக் கேட்டால், இடுப்பளவு சுவரும் அதன் மேல் ஊடே பார்க்க முடிகிற கம்பி கிரில்லும், முழுச் சுவரைவிட நல்லது. ஜன்னலை மூடி வளர்ந்த செடிக்கும் இதே கணக்குதான். மரங்கள் வேறு. உயரமாகக் கிளை விட்ட வேம்பு கண்ணை மறைக்காது. அதன் நிழல் ஆட்களையும் வெளியே கூட்டி வரும்.

பார்த்தவர் கேட்பாரா?

ஆனால் எதிர்வீட்டு அக்கா பார்த்தாரே? பார்த்தும் திருட்டு நடந்ததே? கண் இருந்தால் மட்டும் போதாது. இது என் இடம், நான் கேட்கலாம் என்ற எண்ணமும் வேண்டும்.

இதை எடுத்துப் பேசியவர் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன். அவர் செயின்ட் லூயிஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் அங்கே ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு இருந்தது. 1950-களின் நடுவில் கட்டிய, பதினோரு மாடியில் 33 கட்டடங்கள். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. இறங்கிய இடத்திலிருந்து படியேறியோ இறங்கியோ போக வேண்டும். மாடிகளுக்கு நடுவே நீண்ட பொது நடைகள். சில ஆண்டுகளிலேயே அந்த நடைகளும் படிக்கட்டுகளும் யாருடையதும் இல்லாத இடமாகிப் போயின. உடைப்பு, குப்பை, வழிப்பறி. 1972-இல் அரசே கட்டடங்களை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கியது. தெருவுக்கு எதிர்ப்பக்கம், அதே வசதிக் குறைவான குடும்பங்கள் வாழ்ந்த தாழ்வான வரிசை வீடுகள், கார் ஸ்குவேர் வில்லேஜ், அத்தனை காலமும் ஆள் நிரம்பி, தொல்லை இல்லாமல் இருந்தன.

நியூமன் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். அதே ப்ரூயிட்-ஐகோவுக்குள்ளேயே, இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்த படித்தளம் சுத்தமாக இருந்தது. இருபது குடும்பம் பகிர்ந்த நடை நாசமாகக் கிடந்தது. அதே ஆட்கள், அதே கட்டடம். இரண்டு வீட்டுக்கு ஒரு படித்தளம் என்றால் அங்கே நிற்கும் அந்நியர் யார் என்று கேட்க இருவருக்கும் உரிமை உண்டு. இருபது வீட்டுக்கு ஒரு நடை என்றால் அவர் யாரோ ஒருவரின் உறவினராக இருக்கலாம். நமக்கெதற்கு என்று கதவைச் சாத்திக்கொள்வோம். குடியிருப்பவர்கள் தங்களுடையது என்று உணர்ந்து கவனிக்கிற இடத்தை நியூமன் காக்கக்கூடிய வெளி என்றார். 1972-இல் வந்த சொல்.

ஒரு எச்சரிக்கை. ப்ரூயிட்-ஐகோவைக் கட்டட வடிவமே கொன்றது என்று சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். பராமரிப்புக்குப் பணம் வாடகையிலிருந்தே வர வேண்டும் என்ற ஏற்பாடு, செயின்ட் லூயிஸை விட்டு மக்கள் வெளியேறியது, வேலையின்மை எல்லாம் அதில் சேர்த்தி. அமைப்பு மட்டுமே விதி இல்லை. அது சில பழக்கங்களைச் சுலபமாக்குகிறது, சிலவற்றைக் கடினமாக்குகிறது, அவ்வளவுதான்.

சுருக்கினால்: தெருவை யாராவது பார்க்கும்படி இருக்க வேண்டும். பார்க்கிறவருக்குக் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று தோன்றவும் வேண்டும். இரண்டையும் கதவும் ஜன்னலும் வாசலும் படிக்கட்டும் எங்கே இருக்கின்றன என்பது பெரிதும் தீர்மானிக்கிறது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும்.

லிவர்பூலின் பின்சந்துகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூலில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்ன முற்றம், அதற்குப் பின்னால் இரண்டு வரிசைக்கும் பொதுவான ஒரு சந்து. கழிவையும் குப்பையையும் எடுத்துப்போகப் போட்ட சந்து. நம் பழைய நகரங்களிலும் வெள்ளைக்காரர் காலத்து நகராட்சிகள் இதே காரணத்துக்காகப் போட்ட துப்புரவுச் சந்துகள் உண்டு. பார்த்தவர்களுக்கு அந்த அகலமும் நாற்றமும் ஞாபகம் இருக்கும்.

கழிவுநீர்க் குழாய் வந்ததும் சந்தின் வேலை முடிந்தது. சந்து போகவில்லை. முன்பக்கம் தெரு, விளக்கு, எதிர்வீட்டு ஜன்னல். பின்பக்கம் இரண்டு சுவருக்கு நடுவே யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பாதை, அதில் வரிசையாக இருபது முப்பது வீட்டின் பின்கதவு. திருடனின் நான்கு கேள்விக்கும் ஒரே இடத்தில் விடை.

அதற்குச் செய்த வைத்தியம் எளியது. சந்தின் இரு முனையிலும் இரும்புக் கதவு. சாவி அந்தச் சந்தில் வீடு உள்ளவர்களிடம் மட்டும். 2004-இல் வெளிவந்த மதிப்பீட்டில், கதவு போடாத ஒப்பீட்டுப் பகுதியோடு வைத்துப் பார்க்க, வீட்டுத் திருட்டு ஏறக்குறைய 37 சதவீதம் குறைந்திருந்தது. கேட் நுழைவை மட்டும் கடினமாக்கவில்லை. சந்து பொதுவழியாக இருந்தவரை அங்கே நிற்பவன் வெறும் வழிப்போக்கன். கேட் போட்டதும் உள்ளே நிற்கும் தெரியாத முகம், கேள்வி கேட்க வேண்டிய முகம் ஆகிவிட்டது. நியூமன் சொன்னதேதான்.

முட்டுச்சந்து நல்லதா கெட்டதா?

இதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஒரு சாரார், ஊடே போகும் வழி குறைவாக இருந்தால் திருட்டு குறையும் என்கிறார்கள். லிவர்பூலை உள்ளடக்கிய மெர்சிசைட் பகுதியில் ஷேன் ஜான்சனும் கேட் பவர்ஸும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பக்கம்: முட்டுச்சந்து வீடுகளுக்கு ஆபத்து குறைவு, அதிலும் முனையிலிருந்து பார்த்தால் கடைசி தெரியாதபடி வளைந்து போகும் முட்டுச்சந்தில் இன்னும் குறைவு. ஜேக்கப்ஸ் வழியில் யோசிப்பவர்களோ, ஆள் நடமாட்டமே காவல், வழியை அடைத்தால் தெரு செத்துவிடும் என்கிறார்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடையும் வீடும் கலந்த நெரிசலான தெருவில் ஆட்கள் நிஜமாகவே கண்ணாக இருக்கிறார்கள். வெறும் வீடுகளே உள்ள தெருவில் ஊடே போகிறவர்கள் வேகமாகப் போகும் வண்டிக்காரர்கள். அவர்களால் பயன் இல்லை, தெருவைத் தெரிந்துகொள்வது மட்டும் நடக்கிறது. ஆபத்தானது நடுவாந்தரம்: முட்டுச்சந்து என்று பெயர், ஆனால் கடைசியில் நடந்து போக ஒரு ஒற்றையடிப் பாதை. வண்டி வராததால் தெரு அமைதி, ஓடுவதற்கு வழியும் உண்டு.

மறுபடியும் அதே வீடு

திருடு போன வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள், "சரி விடு, இனிமே வரமாட்டான்" என்பார்கள். தவறு. ஒருமுறை திருடு போன வீட்டுக்கு அடுத்த சில வாரங்களில் மறுபடியும் திருடு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். பல நாட்டு ஆய்வுகள் ஒத்துப்போகும் விஷயம் இது. வழி தெரிந்துவிட்டது, எடுக்காமல் விட்டதும் தெரியும்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் ஊரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பு. 1980-களின் நடுவில் அங்கே திருட்டு கடுமையாக இருந்தது. அந்த வீடுகளில் காசு போட்டால் ஓடும் மின்சார, எரிவாயு மீட்டர்கள். அதாவது வீட்டுக்கு வீடு ஒரு நிறைந்த உண்டியல். அதைக் குறைக்க வந்த திட்டக்காரர்கள் ஊர் முழுக்கப் பூட்டு மாற்றவில்லை. ஏற்கெனவே திருடு போன வீடுகளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். உண்டியல் மீட்டரைக் கழற்றினார்கள், நுழைந்த வழியை அடைத்தார்கள், சுற்றியுள்ள சில வீட்டுக்காரர்களைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் ஆண்டிலேயே குடியிருப்பு முழுவதிலும் திருட்டு பாதிக்கும் மேல் விழுந்தது.

இதன் தொடர்ச்சிதான் அருகாமைத் திருட்டு: ஒரு வீட்டில் நடந்தால் சில வாரங்களுக்குப் பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பார்த்தபோது, வீடுகள் எல்லாம் ஒரே மாதிரியாக இருந்த பகுதிகளில்தான் இது தெளிவாகத் தெரிந்தது. ஒரே பிளானில் வரிசையாகக் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டின் பின்பக்கம் தெரிந்தால் அத்தனை வீட்டின் பின்பக்கமும் தெரிந்த மாதிரி.

விளக்கு, பூட்டு, 'பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவான்'

தெருவிளக்கு கேட்டு மனு கொடுப்பதுதான் நம் முதல் வேலை. வெளிச்சம் நல்லதுதான். ஆனால் வெளிச்சம் யாராவது பார்க்கத்தான். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அது திருடனுக்கு டார்ச். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகள் செலவைக் குறைக்கத் தெருவிளக்குகளை அணைத்ததையும் மங்கலாக்கியதையும் ஆராய்ந்து 2015-இல் ஒரு முடிவு வந்தது: அதனால் குற்றம் கூடியதற்குச் சான்று இல்லை. இதைப் படித்துவிட்டு விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்கள் பயமில்லாமல் நடக்க அது வேண்டும். திருட்டுக்கு அதுவே மருந்து என்று நம்ப வேண்டாம்.

பூட்டு பயனற்றது என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். நெதர்லாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் கதவும் ஜன்னலும் சுலபத்தில் நெம்ப முடியாததாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த வீடுகளில் திருட்டு 26 சதவீதம் குறைந்தது. கவனிக்க: கதவு மட்டும் இல்லை, ஜன்னலும். முன்கதவுக்கு மூவாயிரம் ரூபாய் பூட்டு வாங்கி, குளியலறையில் வெறும் கண்ணாடிப் பட்டையை விடுகிறவர்கள் நாம்.

"இங்கே அடைத்தால் பக்கத்துத் தெருவுக்குப் போவான், அவ்வளவுதானே?" என்பது அறிவாளித்தனமாகத் தோன்றும் வாதம். காக்கா விஷயத்தில்கூட அது முழு உண்மை இல்லை. 2009-இல் 102 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டபோது, குற்றம் இடம் மாறியதாகத் தெரிந்தது சுமார் 26 சதவீத நேர்வுகளில். கிட்டத்தட்ட அதே அளவு, 27 சதவீதத்தில், கைவைக்காத பக்கத்துப் பகுதியிலும் குற்றம் குறைந்திருந்தது. எங்கே வரை கதவு போட்டிருக்கிறார்கள் என்று திருடனுக்குத் துல்லியமாகத் தெரியாது. சுலபமாக இருந்ததால் செய்தவன், சுலபம் போனதும் சில சமயம் விட்டும் விடுகிறான்.

அந்தக் கடைசி வீடு

மாமனார் வீட்டுக்குத் திரும்புவோம். லேஅவுட்டின் கடைசி வீடு. இரண்டு பக்கமும் விற்காத காலி மனை, ஆளுயரச் சீமைக்கருவேலம். பின்னால் வாய்க்கால் கரை. அதன் மேல் பைபாஸுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. ஏழடிச் சுவர். எதிர்வீட்டு அக்கா குடிவந்து ஏழு மாதம்தான். மாமியாரோடு அதுவரை நான்கு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. ஏரியா சரியில்லை என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னது ஒரு விதத்தில் சரிதான், அவர்கள் நினைத்த அர்த்தத்தில் இல்லை.

அதன்பின் நடந்தவை சொற்பம். வென்டிலேட்டருக்கு வெல்டிங் வைத்துக் கம்பி போட்டார்கள். பக்கத்து மனைக்காரரைத் தேடிப் பிடித்துக் கருவேலத்தை வெட்டினார்கள். பின்சுவரின் மேல்பாதியை இடித்துக் கிரில் வைக்கலாம் என்ற என் யோசனையை மாமனார் இன்னும் ஏற்கவில்லை. சுவர் போனால் மானம் போகும் என்கிற தலைமுறை. ஆனால் மாமியாரும் எதிர்வீட்டு அக்காவும் இப்போது கறிவேப்பிலை கொடுத்து வாங்கும் அளவுக்கு நெருக்கம். இவர்கள் ஊருக்குப் போனால் அந்த வாசலுக்கும் அக்காவே தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறார்.

போன மாதம் புது வண்டியில், முகம் மூடிய ஹெல்மெட்டோடு போய் இறங்கி, கேட் தாழ்ப்பாளில் கை வைத்தேன். பின்னாலிருந்து குரல்.

"ஏங்க, யாரைப் பார்க்கணும்?"

ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டியும் உடனே உள்ளே விடவில்லை. மாமியார் வெளியே வந்து, "நம்ம மாப்பிள்ளைதான்" என்று சொன்ன பிறகுதான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.